இன்றேல், ஏன்? எங்கட எதிர்க்கட்சி எம்பி பாராளுமன்றத்தில கதைச்சு என்னதான் வரும்

போன பட்ஜெட் நேரம் சித்தப்பா விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருந்து போனில பாராளுமன்ற லைவ் பாத்துக்கொண்டிருந்தவர். எங்கட பக்கத்து எம்பி ஒராள் எழும்பி, கதை மெல்லச் சூடு பிடிச்சு வாற நேரம் பாத்து "உங்கட நேரம் முடிஞ்சுது" எண்டு மேல இருந்து குரல் வர, கடைசி வசனத்தை முடிக்க முதல் மைக்கும் கட். சித்தப்பா போனைக் கவிட்டு வச்சிட்டு "உதென்னடா பகிடி, வோட் எடுத்தா எப்பிடியும் தோல்விதான், பேந்தேன் இவை கொழும்பு மட்டும் போய்க் கத்தினம்" எண்டார். நான் ஒண்டும் சொல்லாம இருந்திட்டன், ஏனெண்டா எனக்கும் அப்ப வடிவாத் தெரியாது. பிறகு கொஞ்சம் தேடி வாசிச்சதில விளங்கினதைத்தான் இஞ்ச எழுதுறன், சட்டம் படிச்ச ஆக்கள் பிழை கண்டா திருத்துங்கோ.

முதல் கணக்கைப் பாப்பம். இலங்கைப் பாராளுமன்றத்தில மொத்தம் 225 பேர், அதில 196 பேர் மாவட்டங்களில இருந்து வோட்டால வாறவை, மிச்சம் 29 பேர் தேசியப் பட்டியல், கட்சிகள் நாடு முழுக்க எடுத்த வோட்டுக் கணக்கில வாறவை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் எண்டா கிளிநொச்சியும் அதுக்குள்ளதான், கன பேர் அதை மறந்துபோயிடுவினம். 2010 இல எங்களுக்கு 9 ஆசனம் இருந்தது, 2020 இல 7, 2024 இல 6. சனம் குறையக் குறைய, வெளிநாடு போகப் போக, கதிரையும் குறையுது. அந்த 6 இல 3 ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போட்டுது, மற்ற மூண்டும் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், ஒரு சுயேச்சைக் குழு எண்டு ஒவ்வொண்டாப் பிரிஞ்சுது. நாடு முழுக்கப் பாத்தா அரசாங்கத்துக்கு 159. மூண்டில ரெண்டுக்கே 150 காணும். அப்ப எதிர்ப்பக்கம் இருக்கிற 66 பேரும் ஒண்டா நிண்டு கையை உயத்தினாலும் ஒரு சட்டமூலத்தையும் மறிக்க ஏலாது, அதோட அந்த 66 பேரும் ஒண்டா நிக்கிறதும் இல்லை, பிரதான எதிர்க்கட்சி எண்டு சஜித் பிரேமதாசவின்ர கட்சி ஒரு பக்கம், எங்கட ஆக்கள் இன்னொரு பக்கம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சோலி.

ஆக சித்தப்பா சொன்னதில பிழை இல்லை, வோட்டால வெல்ல ஏலாது. ஆனா பாராளுமன்றம் எண்டது வோட் எடுக்கிற இடம் மட்டுமில்லை, அரசாங்கத்தின்ர வாயால பதிலைச் சொல்லவச்சு அதை எழுத்தில ஏத்துற இடமும் அதுதான். எதிர்க்கட்சி எம்பிக்கு உண்மையான வேலை இந்த ரெண்டாவதிலதான் கிடக்கு.

சபை வழமையா மாசத்தில ரெண்டு கிழமைதான் கூடும், காலமை ஒன்பதரைக்குத் தொடங்கும். தொடக்கத்தில வாறது "வாய்மூல விடைக்கான வினாக்கள்". லைவ்வில முதல்முறை பாக்கிற ஆளுக்கு இது விசர்க்கூத்து மாதிரித்தான் இருக்கும், எம்பி எழும்பி "கௌரவ சபாநாயகர் அவர்களே, வினா இலக்கம் 5" எண்டு நம்பரை மட்டும் சொல்லிப்போட்டு இருந்திடுவார், அமைச்சர் எழும்பி நீட்டா ஒரு பதிலை வாசிப்பார். கேள்வி எங்க எண்டு நானும் முதல் தேடினனான். கேள்வி முதலே எழுதிக் குடுக்கப்பட்டு, ஒழுங்குப் பத்திரம் எண்டு சொல்லுற அண்டைய அலுவல் பட்டியலில அச்சில கிடக்கும். அதுக்கு எண்டு ஒரு அச்சு வார்ப்பே இருக்கு. ஒரு உதாரணத்துக்கு நானே ஒண்டு கட்டிப் பாக்கிறன்:

"(அ) (i) குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் அரச செலவில் சேவையில் ஈடுபடும் படகுகள் எத்தனை, (ii) அவற்றுள் பழுதடைந்துள்ளவை எத்தனை, (iii) அவற்றைத் திருத்துவதற்கு இவ்வருடம் ஒதுக்கப்பட்டுள்ள தொகை எவ்வளவு என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

கடைசியில நிக்கிற அந்த "இன்றேல், ஏன்?" இருக்கே, எனக்கு அதில நல்ல விருப்பம். ஹன்சாட்டில, அதாவது சபையில கதைச்சதை எழுதிற அறிக்கையில, எந்தக் கேள்வியை எடுத்தாலும் அடியில அது இருக்கும். சொல்லாட்டி, ஏன் சொல்லேல்லை எண்டதையாவது சொல்லு எண்டு அமைச்சர் வெளிக்கிடுறதுக்கு முதலே படலையைச் சாத்திவைக்கிற வேலை. இப்ப இதே விசயத்தை ஒராள் "நெடுந்தீவுச் சனம் கண்ணீரோட நிக்குது, இந்த அரசு எங்களை மாற்றாந்தாய் மனப்பான்மையோட..." எண்டு பத்து நிமிசம் கதைச்சா பேஸ்புக்கில ஆயிரம் பேர் சேர் பண்ணுவினம், அமைச்சர் சிரிச்சுக்கொண்டு இருப்பார். மேல இருக்கிற கேள்விக்கு ஒருத்தரும் கைதட்ட மாட்டினம், ஆனா அமைச்சு அதிகாரி ஒராள் எங்கயோ பைலைத் திறந்து படகை எண்ணியே ஆகவேணும். எண்ணி வாற இலக்கம் ஹன்சாட்டில ஏறினா பிறகு "எல்லாப் படகும் ஓடுது" எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

தப்பிற வழியும் இல்லாமல் இல்லை. "இரண்டு வாரகால அவகாசம் வேண்டும்" எண்டு அமைச்சர் கேப்பார், அது கிட்டத்தட்ட ஒரு மந்திரம் மாதிரி. இல்லாட்டி பதில் நீளம், "சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" எண்டு தாளை வச்சிட்டு இருந்திடுவார், அதில பாதகமில்லை, தாள் ஹன்சாட்டில வரும். அவகாசம் எடுத்த கேள்வியை ரெண்டு கிழமையால மறக்காமத் திருப்பிக் கேக்கிறவர்தான் வேலை தெரிஞ்ச எம்பி. வாசிச்ச பதிலில ஓட்டை இருந்தா அந்த இடத்திலயே மேலதிகக் கேள்வி கேக்கலாம், அதுக்குத் தலைக்குள்ள சரக்கு வேணும், எழுதிக்கொண்டுபோன பேப்பர் உதவாது.

கேள்வி எண்டு முதலே எழுதிக் குடுத்துக் காத்திருக்க ஏலாத அவசர விசயத்துக்கு "இருபத்தேழின் கீழ் இரண்டு" எண்டு ஒண்டு இருக்கு, நிலையியற் கட்டளை எண்டு சொல்லுற சபை விதிகளில 27(2), அது கட்சித் தலைவர்மாருக்கான வழி. பின்னேரம் அலுவல் முடியிற நேரத்தில ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, ஒரு விசயத்தை மட்டும் எடுத்து விவாதிக்கிறது, அந்த நேரம் கமரா கொஞ்சம் தள்ளிக் காட்டினா சபை பாதி வெறுங்கதிரையாக் கிடக்கும். கோரம் எண்டு சொல்லுற ஆகக்குறைஞ்ச வரவு 20 பேர்தான், 225 இல 20! அதுவும் இல்லையெண்டு ஆராவது எழும்பிச் சுட்டிக்காட்டினா மணி அடிச்சு ஆக்களைக் கூப்பிடவேணும், எதிர்க்கட்சிக்கு இது ஒரு சின்ன ஆயுதம்.

சித்தப்பா பாத்த அந்த பட்ஜெட் கட்டத்துக்கு வருவம். நிதி அமைச்சர் வாசிக்கிற பெரிய உரையோட எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் கன பேர் நினைக்கினம். அது இரண்டாம் வாசிப்பின்ர தொடக்கம் மட்டும், அதில கொஞ்ச நாள் விவாதம், ஒரு வோட், அதுக்குப் பிறகுதான் குழுநிலை விவாதம் எண்டு அமைச்சு அமைச்சா எடுத்துக் கிழமைக் கணக்கில போகும், இண்டைக்குச் சுகாதாரம், நாளைக்குக் கடற்றொழில், மற்ற நாள் காணி எண்டு. இதில ஒரு வேடிக்கை இருக்கு. ஒவ்வொரு அமைச்சையும் எடுக்கேக்க எதிர்ப்பக்கத்து எம்பி ஒராள் எழும்பி, சம்பிரதாயத்தின்படி இந்த அமைச்சின்ர ஒதுக்கீட்டில பத்து ரூபா குறைக்கவேணும் எண்டு முன்மொழிவார். பத்து ரூபாதான்! பில்லியன் கணக்கில காசு ஒதுக்கியிருக்க, ஒரு ரொபி கூட வாங்க ஏலாத காசைக் குறை எண்டு கேக்கிறது. நான் முதல் வாசிக்கேக்க அச்சுப் பிழை எண்டுதான் நினைச்சனான். விசயம் என்னெண்டா, விவாதிக்கிறதுக்கு ஒரு பிரேரணை முன்னால இருக்கவேணும், அந்தப் பத்து ரூபாதான் கதைக்கிறதுக்கு எடுக்கிற ரிக்கெற்.

அந்த ரிக்கெற்றில அண்டைக்கு ஆர் எத்தினை நிமிசம் கதைக்கிறது எண்டது கட்சிகளுக்கு ஆசனக் கணக்கில பிரிபட்டு, பேந்து கொறடா உள்ளுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது. ஒரு ஆசனம், ரெண்டு ஆசனம் வச்சிருக்கிற கட்சிக்கு ஐஞ்சு, ஏழு நிமிசம் கிடைச்சாலே பெரிய காரியம். அந்த ஏழு நிமிசத்தில "கௌரவ தலைமைதாங்கும் உறுப்பினர் அவர்களே" எண்டு நாலுதரம் சொல்லி, வள்ளுவரில தொடங்கி, இறந்த ஆக்களுக்கு அஞ்சலி செலுத்தி, வாய்ப்புக்கு நன்றி சொல்லி முடிய அமைச்சின்ர கணக்குக்கு ஒண்டரை நிமிசம்தான் மிஞ்சும். எங்கட ஆக்களிட்ட இருக்கிற பெரிய வியாதி இதெண்டு நான் சொல்லுவன், ஆரும் கோவிச்சாலும் பரவாயில்லை. மைக் கட்டானதுக்குச் சபாநாயகரைத் திட்டி வேலையில்லை.

மொழி இன்னொரு சிக்கல். அரசியலமைப்பின்ர 20 ஆம் உறுப்புரைப்படி எம்பி தமிழிலயோ சிங்களத்திலயோ தன்ர கடமையைச் செய்யலாம், உடனடி மொழிபெயர்ப்பு காதுக்கருவியில போகும். தமிழில கதைச்சா ஊரில விளங்கும், பதிவிலயும் எங்கட மொழியிலயே இருக்கும். ஆனா அமைச்சர் காதுக்கருவியைப் போடாம போனை நோண்டிக்கொண்டு இருந்தா? தென்பகுதி ரிவிக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லாட்டி? அதாலதான் சிலபேர் பாதியில இங்கிலிசுக்கோ சிங்களத்துக்கோ மாறுவினம், உடன இஞ்ச கொமென்டில "தமிழன்டா எண்டு சொல்லிப் போனவர் சிங்களத்தில கதைக்கிறார்" எண்டு துவங்கிவிடும். ஆருக்கு அந்தப் பேச்சு எண்டதைப் பாக்கவேணும், ஊருக்குச் சொல்லுறதைத் தமிழிலயும் அமைச்சரிட்டப் பதில் புடுங்கிறதை அவருக்கு விளங்கிற பாசையிலயும் கேட்டா என்ன குறைஞ்சுபோகும். வேகமா மூச்சு விடாமக் கதைச்சா மொழிபெயர்ப்பாளரும் பாவம், பாதி விழுந்துபோகும்.

சரி, ஹன்சாட் ஹன்சாட் எண்டு சொல்லிக்கொண்டே போறன். அது சபையில சொன்னதைச் சொன்னபடி எழுதிற அதிகாரபூர்வ அறிக்கை, ஆர் எந்த மொழியில கதைச்சாரோ அந்த மொழியிலயே இருக்கும், அதால ஒரே பக்கத்தில சிங்களம், தமிழ், இங்கிலிஸ் மூண்டும் கலந்து கிடக்கும். கதைக்கிற ஆளின்ர பேர் மூண்டு எழுத்திலயும், பக்கத்தில தொடங்கின நேரம் பி.ப. இத்தினை எண்டு. இடையில மற்றப் பக்கம் கத்தினா "இடையீடு" எண்டு ஒரே ஒரு சொல்லு, அவ்வளவுதான், அரை மணித்தியாலச் சண்டையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கிப்போகும். எழும்பி "ஒழுங்குப் பிரச்சினை, சபாநாயகர் அவர்களே" எண்டு கத்தினது, அதுக்கு "இது ஒழுங்குப் பிரச்சினை இல்லை, இருங்கோ" எண்டு சொன்னது எல்லாம் இருக்கும். முதல் வாற பதிப்பில "பிழை திருத்தப்படாதது" எண்டு முகப்பிலயே போட்டிருக்கும். சபைக்கு ஒவ்வாத சொல்லைச் சபாநாயகர் நீக்கச் சொன்னா அது அதில வராது.

இதை நான் படிச்சது ஒரு அவமானத்தாலதான். ஒரு எம்பி எங்கட காணிப் பிரச்சினையில அரசாங்கத்துக்கு ஒத்தூதினார் எண்டு நாப்பது செக்கன் வீடியோ ஒண்டு வந்தது, நானும் நல்லாக் கொதிச்சு நாலு வரி எழுதி சேர் பண்ணிப்போட்டன், கனபேர் லைக். அடுத்த நாள் கூடப் படிச்ச பெடியன் ஒருத்தன் அண்டைய ஹன்சாட் பக்கத்தை அனுப்பினான். மனிசன் அமைச்சர் முன்னம் சொன்னதை வாசிச்சுக் காட்டி, "இப்படித்தானே சொன்னீர்கள், நடந்ததா?" எண்டு கேட்டிருக்கிறார், வெட்டினவன் வாசிச்ச பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறான். பிறகென்ன, போஸ்ட்டை அழிச்சன், அந்த எம்பியில எனக்கு வேற நூறு குறை இருந்தாலும் அது என்ர பிழைதான். இன்னொண்டு, கத்திச் சண்டை பிடிக்கிற வீடியோவில பாதி பாராளுமன்றமே இல்லை, யாழ்ப்பாணக் கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில, நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். அது வேற கதை, அங்க சொல்லுறது ஹன்சாட்டில ஏறாது.

சபைக்குள்ள சொன்னதுக்கு இன்னொரு பலமும் இருக்கு, 1953 ஆம் ஆண்டின்ர பாராளுமன்ற தத்துவங்களும் சிறப்புரிமைகளும் சட்டப்படி உள்ளுக்குக் கதைச்சதுக்காக எம்பியை ஒருத்தரும் கோட்டுக்கு இழுக்க ஏலாது. வெளியில சொல்லப் பயப்பிடுற பேரை உள்ளுக்குச் சொல்லலாம். கோட்டில நடக்கிற வழக்கைப் பற்றியும் நீதிபதிமாரின்ர நடத்தையைப் பற்றியும் நினைச்சபாட்டுக்குக் கதைக்கேலாது எண்ட கட்டுப்பாடு வேற இருக்கு. இந்தப் பாதுகாப்பைக் காணாமல் போனாக்களைப் பற்றிக் கதைக்கப் பாவிச்சவையும் இருக்கினம், சொந்தப் பகைக்குப் பாவிச்சவையும் இருக்கினம்.

தோத்த வோட்டுக்குப் பின்னால நிண்டுபோன பேச்சுக்கு எங்கட சரித்திரத்திலயே உதாரணம் கிடக்கு. 1948 இல மலையகத் தமிழரின்ர பிரசாவுரிமை பறிபட்ட நேரம் காங்கேசன்துறை எம்பி செல்வநாயகம் எதிர்த்துக் கதைச்சவர், சட்டம் நிண்டுது, ஆனா அதால தமிழ்க் காங்கிரசுக்குள்ள வந்த பிளவில இருந்துதான் 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சி வந்தது. மனிசன் மேடையை அதிரவைக்கிற பேச்சாளர் இல்லை, பிற்காலத்தில பார்க்கின்சன் நோயால குரலே எழும்பாது, எண்டாலும் அவர் சொன்னதைத்தான் இண்டைக்கும் தேடி எடுக்கினம். 1956 இல தனிச் சிங்களச் சட்டம் 56 க்கு 29 எண்டு நிறைவேறினது. அந்த 56 பேரில எத்தினை பேரின்ர பேச்சு இப்ப ஆருக்கு ஞாபகம்? எதிர்வரிசையில நிண்ட இடதுசாரி கொல்வின் ஆர். டி சில்வா, ரெண்டு மொழி எண்டால் ஒரு நாடு, ஒரு மொழி எண்டால் ரெண்டு நாடு எண்ட கருத்தில சொன்னதை இண்டைக்கும் பள்ளிக்கூடப் பெடியள் வரைக்கும் சொல்லுதுகள். 1977 இல நிலைமை இன்னும் விசித்திரம், 168 பேர் சபையில அரசாங்கத்துக்கு 140, 18 ஆசனத்தோட தமிழர் விடுதலைக் கூட்டணி ரெண்டாவதா வந்து அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு ரெண்டு மாசம் ஆகாமலே, 1981 யூலையில, ஆளும் கட்சிக்காரர் எதிர்க்கட்சித் தலைவர் மேலயே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தவை, உலகத்தில எங்கயும் கேள்விப்படாத விசயம், அரசாங்கம் மேலதானே அதைக் கொண்டுவாறது! கதைக்கிறதால ஒண்டும் வராது எண்டா, அவ்வளவு பெரும்பான்மை வச்சுக்கொண்டு ஏன் அந்தப் பதட்டம்.

பேச்சு மட்டுமில்லாமல் சட்டமும் வந்திருக்கு, குறைவுதான். அப்ப தமிழரசுக் கட்சி எம்பியா இருந்த சுமந்திரன், கடலடியை வழிச்சு மீன்பிடிக்கிற இழுவைமடியைத் தடை செய்யத் தனிநபர் சட்டமூலமாக் கொண்டுபோன விசயம் 2017 யூலையில கடற்றொழில் திருத்தச் சட்டமா நிறைவேறினது, 11 ஆம் இலக்கச் சட்டம். அப்ப சம்பந்தன் ஐயா எதிர்க்கட்சித் தலைவர். எதிர்வரிசையில இருந்து ஒரு எம்பி கொண்டுபோய்ச் சட்டம் வாறது இந்த நாட்டில லேசுப்பட்ட காரியமில்லை. பருத்தித்துறைக் கடலில இரவில இழுவைப்படகு இன்னும் வருது, வலை இன்னும் அறுபடுது எண்டு சம்மாட்டி ஒராளிட்டக் கேட்டா சொல்லுவார், அது நேவியும் அரசாங்கமும் செய்யவேண்டிய வேலை, சட்டம் இல்லாத காலத்தில அதைக் கேக்கிறதுக்குக் காலூண்டவே இடமில்லை.

கிட்டடியில நடந்ததும் ஒண்டு. 2025 மார்ச் 28 இல வடக்கில ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு ஒரு வர்த்தமானி வந்தது, மூண்டு மாசத்துக்குள்ள உரிமை நிரூபிக்காட்டி அரச காணி எண்டமாதிரி. காணி உறுதிப் பத்திரத்தை இடம்பெயர்வில துலைச்ச சனம், கனடாவில இருக்கிற பங்காளர் எண்டு எங்கட நிலைமை தெரியும்தானே. எங்கட எம்பிமார் சபையில கிளப்பினவை, வெளியில போராட்டம், உயர் நீதிமன்றத்தில வழக்கு, கடைசியில அரசாங்கம் அதை மீளப்பெற்றது. இதில பேச்சுக்கு எத்தினை வீதம், வழக்குக்கு எத்தினை வீதம் எண்டு பிரிக்க நான் போகேல்லை, மூண்டும் சேந்துதான். எண்டாலும் கொழும்பில அமைச்சரை எழுப்பி, ஏன் இப்படி ஒண்டு எண்டு விளக்கம் சொல்லவைக்கிற இடம் சபைதான், நல்லூர் வீதியில நிண்டு கேட்டா பதில் சொல்ல ஆள் வராது.

ஒழுங்கை லைற், மதகு, வாய்க்கால் எல்லாம் பிரதேச சபையின்ர வேலை. அதுக்கு எம்பியைப் பிடிச்சுத் திட்டுறதை விட்டிட்டு, அவர் இந்த வருசம் எத்தினை கேள்வி போட்டவர், எத்தினைக்குப் பதில் எடுத்தவர் எண்டு பாக்கலாம். பாராளுமன்ற இணையத்தளத்தில ஹன்சாட் கிடக்கு, போனிலயே திறக்கலாம், பைல் கொஞ்சம் பெரிசு, வைபை இருந்தா நல்லம்.

போன ஞாயிறு சித்தப்பாவுக்குப் பழைய ஹன்சாட் ஒண்டைத் திறந்து எங்கட எம்பி ஒராள் ஆஸ்பத்திரி ஆளணி பற்றிப் போட்ட கேள்வியைக் காட்டினன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, எழுத்தைப் பெருப்பிச்சு, (அ) வில இருந்து முழுக்க வாசிச்சவர், கடைசியில வந்து "இன்றேல், ஏன்?" எண்டதைச் சத்தமா ரெண்டுதரம் வாசிச்சார்.

"மினிஸ்டர் என்ன சொன்னவர்?"

"ரெண்டு கிழமை ரைம் கேட்டிருக்கிறார்."

"இது எப்பத்தையான்?"

"நாலு மாசம் இருக்கும்."

"அப்ப இவர் திருப்பிக் கேட்டவரோ?"

அதைத்தான் இப்ப ஒவ்வொரு நாளின்ர ஹன்சாட்டாத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறன், ரெண்டு மாசம் பாத்து முடிஞ்சுது, இன்னும் ரெண்டு கிடக்கு.